வெளியே போட்ட கொண்டி

அக்கரப்பத்தனை, தோட்டப் பாடசாலை
15.2.1954

அன்புள்ள சிசிலி அக்காவுக்கு,

தம்பி மத்தியாஸ் எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். இன்றைக்குக் கை அதற்கு இணங்கவில்லை.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மஸ்கெலியாவுக்கு வந்தேன். நீ மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தாய். அத்தான் தேயிலை ஸ்டோரில் வேலையாக இருந்தார். லயத்தில் உன் காம்பராக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி போட்டு, நாதாங்கியில் ஒரு குச்சியும் செருகியிருந்தது. ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பினேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

குச்சியை உருவித் திறந்தேன். நம் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னைப் பார்த்து, "கணக்கப்பிள்ளை ஐயாவா? வாங்க" என்றார். பெற்ற மகனைப் பார்த்து.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா ராக்காயி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். "ஏன் தம்பி பதறுறீங்க, தெனமும் இப்புடித்தான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம்தான் எனக்குச் செருப்படியாக இருந்தது. பட்டறைச் சவரிமுத்து என்றால் அந்தத் தோட்டத்தில் தெரியாதவர் உண்டா? முப்பது வருசம் இரும்புப் பட்டறையில் நின்று, அத்தனை லயத்துக் கதவுக்கும் கொண்டி அடித்துப் போட்ட மனிதர். அவரை அவர் அடித்த கொண்டியாலேயே மாட்டை அடைப்பது போல அடைத்திருக்கிறாய். மாட்டுக்காவது புல்லுப் போடுவார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. ஹட்டனில் பஸ் மாறும்போது யாராவது அப்பாவை விசாரித்துவிடுவார்களோ என்று ஒரு கடைக்குள் ஒதுங்கி நின்றேன். நீ இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

தம்பி,
மத்தியாஸ்


மஸ்கெலியா
24.2.1954

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து நல்ல அழகு. முதலில் நான் படித்தேன், பிறகு உன் அத்தான் கேட்கச் சத்தமாகப் படித்தேன். மாடு வந்த இடத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அறுபது வயதாகிவிட்டது என்று அப்பாவின் பேரைத் தோட்டத்தில் வெட்டியது உனக்குத் தெரியும். பேர்தான் போனது, பழக்கம் போகவில்லை. விடிய முன்னே ஆட்களை எழுப்பத் தப்பு அடித்ததும் எழும்பிவிடுகிறார். முகம் கழுவித் தலைப்பாகை கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போய், ஆம்பளைகள் வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறார். பேர் கூப்பிட்டு வேலை பிரித்து எல்லாரும் மலைக்குக் கலைந்த பிறகும் நிற்கிறார். பெரட்டை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா முதலில் சிரித்தார். பிறகு விரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒங்கப்பன வீட்டுல வச்சுக்க, இல்லாட்டி ஒனக்கும் இங்க வேல இல்ல" என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்து வீட்டில் விடுவேன். நான் மலை ஏறியதும் மறுபடி கிளம்பிவிடுவார். பெரட்டுக்களம் காலியாகக் கிடந்தால் பட்டறையைத் தேடுவார், பட்டறையைக் காணாவிட்டால் ரோட்டைப் பிடிப்பார். மார்கழி மழையில் ஒரு நாள் ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மறுநாள்தான் கொண்டி போட்டேன்.

நான் குச்சியைச் செருகும்போது உள்ளேயிருந்து அவர் என்ன கேட்பார் தெரியுமா? "ஆப்ஸ நல்லா போட்டியாம்மா? ஆட்டிப் பாரு" என்பார். பழைய தொரை கொண்டிக்குச் சொன்ன பேர் அதுதானே, அப்பா இன்றைக்கும் அதை விடவில்லை. தான் அடித்த சாமான் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று அவருக்குக் கவலை. நானும் ஆட்டிப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போவேன். தினமும் அந்த நேரத்தில் செத்துப் பிழைக்கிறேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் கூடை நிறையாது என்று அழுவதும் இல்லை.

இன்னொன்று. அன்றைக்கு நான் வேலை விட்டு வந்தபோது குச்சி செருகினபடியேதான் இருந்தது. திறந்தது நீ. திரும்ப மூடியது யார்? ராக்காயியைக் கேட்டேன். தம்பிதான் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று மூடிவிட்டுப் போனார் என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நீ வைத்துவிட்டுப் போன பாண் ரொட்டியை அப்பா சாப்பிட்டார்.

சிசிலி


அக்கரப்பத்தனை
6.3.1954

அக்காவுக்கு,

குச்சியைச் செருகியது நான்தான். அதை எழுதாமல் விட்டது கோழைத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் ஒரு நாள் செய்ததையும் நீ தினமும் செய்வதையும் ஒரே தராசில் வைக்காதே.

இசபெலிடம் பேசிவிட்டேன். அப்பா இனி எங்களோடு இருக்கட்டும். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், பின்னால் கொஞ்சம் காய்கறித் தோட்டம், கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். எங்களுக்கு ஆண்டவர் இன்னும் பிள்ளை கொடுக்கவில்லை. அவளுக்கும் ஒரு துணையாகும். என் வீட்டுக் கதவுகளில் உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான் உண்டு. வெளியே கொண்டி கிடையாது, இனியும் வராது. இதை எழுதியே கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

அப்பாவின் ஆப்ஸை அகராதியில் தேடினேன். முன்பிருந்த சுவாமியார் விட்டுப் போன பெரிய ஆங்கில அகராதி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இப்போது அந்தச் சொல் ஹாஸ்ப். ஹாப்ஸ் என்பது அதன் பழைய வடிவம். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் அப்படித்தான் சொன்னார்களாம். பிறகு கடைசி ஓசைகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் பழைய மாதிரியே சொல்கிறவர்கள் உண்டாம். பழைய தொரை அந்தப் பக்கத்து ஆளாக இருந்திருக்க வேண்டும். அவர் ஊர்ப் பேச்சு இத்தனை கடல் தாண்டி நம் அப்பா வாயில் வந்து தங்கியிருக்கிறது. எனக்கு அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு ஆச்சரியம். உனக்கு இருக்காது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்படுகிறேன். அப்பாவின் துணிமணியைக் கட்டி வை.

மத்தியாஸ்


மஸ்கெலியா
21.3.1954

தம்பிக்கு,

உன் அகராதியில் அது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். பழையதைப் போட்டாலும் புதியதைப் போட்டாலும் உள்ளே இருக்கிறவர் உள்ளேதான் இருப்பார்.

பஸ் ஏற்றிவிட்ட அவசரத்தில் சொல்ல மறந்ததை எழுதுகிறேன். ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல். சீனியைக் கோப்பையில் போட்டுவிட்டால் குடிக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடித்துத்தான் பழக்கம். இசபெல் முகம் சுளிக்காமல் இருந்தால் சரி. தலைப்பாகைத் துணியை ஒளித்து வைக்காதே. அது கிடைக்காவிட்டால் வீட்டையே புரட்டிவிடுவார். உங்கள் தோட்டத்திலும் விடிய முன்னே தப்பு அடிக்கும்தானே? அதை நினைவில் வைத்துக்கொள்.

நீங்கள் போன அன்றிரவு அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். காலையில் கதவைச் சும்மா சாத்திவிட்டு மலைக்குப் போனேன். பாதி ஏற்றத்தில் என் வாயில் பாட்டு வந்துவிட்டது தம்பி. பெற்றவரை அனுப்பிவிட்டுப் பாடுகிறேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். முன்னால் போன ராக்காயி திரும்பிப் பார்த்தாள். சிசிலி அப்பனை பஸ் ஏற்றிவிட்டாள் என்று லயத்தில் பேசுகிறார்கள். பொய்யில்லையே, பேசட்டும்.

அப்பா என்னைத் தேடினாரா என்று எழுது. தேடவில்லை என்றாலும் எழுது.

சிசிலி


அக்கரப்பத்தனை
18.5.1954

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத மிகவும் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். அப்பா சுகம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்குப் பலகையின் கால் ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சரி பண்ணிக் கொடுத்தார். பிள்ளைகள் பட்டறைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். உன்னைத் தேடினார். அந்தப் பிள்ளை வேலை விட்டு வந்துவிட்டதா என்று பொழுது சாயும்போது கேட்பார்.

ஒரு நல்ல சேதி. போன வாரம் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வந்தார். என் வேலை நிரந்தரமாவதும் நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதும் அவர் பேனாவில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்து லொக் புத்தகத்தில், இந்த ஆசிரியருக்கு அறிவின் மேல் அபூர்வமான பற்று உண்டு என்று கைப்பட எழுதிவிட்டுப் போனார். மலைமேல் கிடக்கிற ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு இது சின்ன விஷயமா? அப்பாவின் அந்தச் சொல்லும் கொஞ்சம் கை கொடுத்தது. அதை நேரில் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே இருந்தபோது அப்பாவுக்குத் தூக்கத்துக்கு ஏதாவது கஷாயம் கொடுத்தாயா? காலையில் கொஞ்சம் அதிக நேரம் படுக்க வைக்க வழி உண்டா? சும்மாதான் கேட்கிறேன். இசபெலுக்கு அலைச்சல். இப்போது அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. களைப்பாக இருக்கும்.

தம்பி,
மத்தியாஸ்


மஸ்கெலியா
27.5.1954

தம்பிக்கு,

ராக்காயியின் மகள் அழகம்மாவை உங்கள் தோட்டத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டுக்கு வந்தவள் என் காம்பராவுக்கும் வந்தாள். சொல்லவா வேண்டாமா என்று முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். நான்தான் சொல்லச் சொன்னேன்.

"ஒங்கப்பா இடுப்புல கொழுந்துக்கூடக் கயித்தோட பள்ளிக்கூட வாசல்ல நின்னாரு அக்கா. பெரிய ஐயா ஒருத்தரு வந்திருந்தாங்க. யாரு இந்த ஆளுன்னு வாத்தியாரக் கேட்டாங்க. அதுக்கு வாத்தியாரு..." அதோடு நிறுத்திவிட்டாள். மீதி தனக்குக் கேட்கவில்லை என்றாள். கேட்டிருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கயிற்றைக் கட்டியது யார்? கேட்டவருக்கு நீ என்ன பதில் சொன்னாய்? இந்த இரண்டுக்கும் எழுது. அழகாக எழுத வேண்டாம், உள்ளதை எழுது.

சிசிலி


அக்கரப்பத்தனை
5.6.1954

அக்காவுக்கு,

எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு வாரம் போய்விட்டது.

கயிற்றைக் கட்டியது நான். இங்கே வந்த இரண்டாம் நாளே தப்புச் சத்தம் கேட்டு அப்பா இந்தத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டார். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. காவல்காரன் பிடித்துக்கொண்டு வந்து, நாலு பேர் பார்க்க என் வாசலில் விட்டான். பிறகு அது தினசரி ஆகிவிட்டது. இசபெல் பின்னாலேயே ஓடி ஓடி இளைத்துப் போனாள். நானோ தோட்டத்து ஆட்கள் முன்னால் தலை குனிகிறதே என்று மட்டும் யோசித்தேன்.

வித்தியாதரிசி வரும் நாள் காலையில், கொழுந்துக் கூடைக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையை அப்பா இடுப்பிலும் மறு முனையைக் கட்டில் காலிலும் கட்டினேன். தையல்காரனுக்கு அளவு கொடுப்பது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நான் பள்ளிக்கூடம் போன பிறகு இசபெலுக்கு மனம் கேட்கவில்லை. கட்டில் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். இடுப்பு முடிச்சை அவிழ்க்குமுன் அவர் கிளம்பிவிட்டார்.

முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நான் பேர் இடாப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வித்தியாதரிசி பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். பேர் கேட்ட பிள்ளை பதில் சொல்லிவிட்டு உட்காரும். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்த பிறகு வரிசைக் கடைசியில் அப்பா மட்டும் தலைப்பாகையோடு நின்றார். கயிறு பின்னால் மண்ணில் இழுபட்டுக் கிடந்தது.

"யார் இவர்?" என்று வித்தியாதரிசி கேட்டார். நான் சொன்னது இதுதான்: "முன்பு பட்டறையில் வேலை செய்த ஒரு கிழவர், சார். புத்தி சரியில்லை. வீட்டில் யாரோ கட்டி வைத்திருப்பார்கள் போல."

யாரோ என்று சொன்னேன் அக்கா.

அப்பாவுக்கு அது கேட்டது. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடக் கதவைக் கை காட்டி, "தொரை, இந்தக் கதவுக்கு ஆப்ஸ் இல்லீங்க. ஒத்தரவு கெடச்சா நான் போட்டுத் தர்றேன்" என்றார். வித்தியாதரிசி சிரித்துவிட்டு, அது என்ன சொல் என்று கேட்டார். அங்கேயாவது என் வாய் அடைத்துப் போயிருக்கலாம். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பழைய வடிவம் இது, இன்றைய வடிவம் இது, ஓசை மாறியது இப்படி, மேற்கு இங்கிலாந்தில் இன்னும் இப்படி என்று எடுத்து விட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். நீ படித்த அந்தப் பாராட்டு அதற்குக் கிடைத்ததுதான். நான் பேசி முடிக்கும் வரை அப்பா கயிற்றோடு வெயிலில் நின்றார். அவர் வாயிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டேன், அவரை விட்டுவிட்டேன்.

ஜீப் போன பிறகுதான் பக்கத்தில் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொரை போயிட்டாரா? இன்னிக்கும் நம்ம பேரு இல்லையாப்பா?" என்று கேட்டார். அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சேவல் கூவுமுன் சீடர் இராயப்பர் சேசுவைத் தெரியாது என்று மறுதலித்த கதையை ஞானோபதேச வகுப்பில் நானேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இராயப்பருக்காவது உயிர்ப்பயம் இருந்தது. இசபெல் அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீ என்ன எழுதினாலும் சரி.

மத்தியாஸ்


மஸ்கெலியா
13.6.1954

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்காமல் சொல்கிறேன். வந்து மாட்டினாயா வாத்தியாரே என்று மனம் குதித்தது. அப்பா இடுப்பில் கிடந்த கயிறு அதற்குப் பிறகுதான் கண்ணுக்குள் வந்தது. அப்படிப்பட்ட மகள் நான். எனவே உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

ஆனால் நீ கடைசியில் எழுதியதை விடிய விடிய நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னிக்கும் பேரு இல்லையா என்று கேட்டாரே, அது உனக்குப் புரியவில்லையா? ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி ஆயிரம் வருசம் பின்னால் போனாய், அப்பா தமிழில் கேட்டதை விட்டுவிட்டாய். நானும்தான் விட்டேன். பெரட்டில் தினமும் நிற்கிறவள், எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

பெரட்டில் பேர் கூப்பிட்டு இன்ன மலைக்குப் போ என்று சொன்னால்தான் ஆள் நகரும். பேர் வராத ஆள் நின்றுதான் ஆக வேண்டும். முப்பது வருசம் அப்படித்தானே நின்றார். நாம் எல்லாரும் அவர் ஓடுகிறார் ஓடுகிறார் என்று கட்டிப் போட்டோம். அவர் எங்கேயும் ஓடவில்லை தம்பி. பேர் வெட்டின நாளிலிருந்து இன்னும் கூப்பிடவில்லையே என்று நிற்கிறார். கூப்பிடாமலே எல்லாரும் கலைந்து போய்விட்டால், வேலை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நடக்கிறார்.

அப்பாவைக் கொண்டுவந்து விடு. நான் ஒன்று செய்து பார்க்கிறேன்.

சிசிலி


மஸ்கெலியா
25.7.1954

தம்பிக்கு,

பஸ் நிற்கிற இடத்திலேயே அப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி ஓடிவிட்டாய். லயத்துக்கு வந்திருந்தால் ஒரு தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். யாரும் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள்.

ஆண்டியப்பன் கங்காணியிடம் போய் நின்றேன். அப்பா பேரையும் கடைசியில் ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று கேட்டேன். பேர் வெட்டின ஆளைக் கூப்பிட்டால் செக்ரோல் கணக்கில் விளையாடுகிற மாதிரி ஆகும் என்று பயந்தார். நாலு நாள் விடாமல் கேட்டேன். ஐந்தாம் நாள் எல்லாருக்கும் வேலை பிரித்து முடிந்ததும், கண்டாக்கு ஐயா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஐயா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவே பெரிய உபகாரம். கங்காணி கூப்பிட்டார்: "சவரிமுத்து!"

"இருக்கேங்க" என்று அப்பா போட்ட சத்தத்தில் பொம்பளைகள் வரிசையில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

"வீட்டுக் காவலு. போ."

அவ்வளவுதான் தம்பி. திரும்பி நேரே வீட்டுக்கு நடந்தார். பட்டறைச் சாமான் பெட்டியை இஸ்தோப்பில் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எனக்கு மலையில் இருப்புக் கொள்ளவில்லை. கங்காணியிடம் சொல்லிவிட்டு மத்தியானம் ஓடிவந்து பார்த்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார். "வேல நேரத்துல ஏன் வந்த? போய்ப் பொழப்பப் பாரு" என்று என்னை விரட்டினார். கதவு திறந்தே கிடக்கிறது. கொண்டி சும்மா தொங்குகிறது.

இப்போது வந்திருக்கிற தொல்லை வேறு. ஆண்டியப்பன் கங்காணி தம்பி மகள் கல்யாணத்துக்கு இந்தியாவுக்குப் போகிறார். அவர் இடத்துக்கு வருகிறவன் சின்னப் பையன், எனக்கு ஏன் வம்பு என்கிறான். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். பெரட்டில் பொம்பளைக் குரலுக்கு அவர் அசையவில்லை. ஆகஸ்டில் உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நீ வந்து கூப்பிடு. கண்டாக்கு ஐயாவிடம் கேட்டுவிட்டேன், வாத்தியார் என்றால் சரி என்றார்.

ஒன்று தெரிந்துகொண்டு வா. அழகம்மா அன்று என்னிடம் முழுங்கியதை மற்ற எல்லாரிடமும் முழுதாகச் சொல்லியிருக்கிறாள். லயம் முழுக்கத் தெரியும். அவர்கள் முன்னால்தான் நீ நிற்க வேண்டியிருக்கும்.

சிசிலி


அக்கரப்பத்தனை
5.9.1954

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, இருட்டிய பிறகுதான் வந்தேன். ஏன் தவறவிட்டேன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கம்.

முதல் நாள் காலை நான் பட்டபாட்டை நீயே பார்த்தாய். ராக்காயி கூடையை முதுகில் போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் தினமும் இடாப்புப் படிக்கிற தொண்டை எனக்கு. ஆறு எழுத்துப் பேர் வெளியே வரவில்லை. முதல் தடவை கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். "இருக்கேங்க" என்றார். அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வித்தியாதரிசிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அன்று கயிற்றோடு நின்றவர் என் தகப்பனார், கட்டியவன் நான், அந்தச் சொல்லை நான் படித்தது அவரிடமிருந்துதான் என்று எழுதினேன். இசபெலிடம் வாசிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து, அவளே தபால் கந்தோருக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, மழை வரும் போலிருக்கிறது, குடை எங்கே என்று கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் அவள் என்னிடம் கேட்டது. பயிற்சிக் கல்லூரி இனி எப்படிப் போனாலும் போகட்டும் என்று எழுத ஆசை. உண்மையில் தபால்காரன் வரும் நேரத்துக்கு இன்னும் வாசலில் போய் நிற்கிறேன்.

நான் புறப்பட்ட அன்று காலை, ஆண்டியப்பன் கங்காணி ஊரிலிருந்து வந்து அவரே பேர் கூப்பிட்டார். நான் ஓரமாக நின்று கேட்டுவிட்டு அப்பாவின் பின்னாலேயே லயத்துக்கு நடந்தேன். நீ மலைக்குப் போய்விட்டாய். அப்பா கதவை முழுக்கத் திறந்து வைத்தார். தொங்கிய கொண்டியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். பெட்டியில் உட்கார்ந்து தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். நான் பையோடு முன்னால் போய், வருகிறேன் அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தொரை யாருங்க?"

வித்தியாதரிசி கேட்ட அதே கேள்வி. இஸ்தோப்பில் ராக்காயியின் கோழிகளைத் தவிர வேறு யாரும் இல்லை. என்ன சொன்னாலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

"பட்டறைச் சவரிமுத்து மகங்க" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு பெட்டியில் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டார்.

"அப்புடியா. உக்காருங்க. வேலைக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான்."

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தம்பி,
மத்தியாஸ்